கல்லீரல் புற்றுநோய்: ஏஎஃப்பியா, பிவ்காவா, லிக்விட் பயாப்ஸியா?

சித்தப்பாவுக்கு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்பு சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை) தொடங்கப்போகிறார்கள் என்றதும், மருந்து கேட்கிறதா என்று பார்க்க எந்த ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து எடுப்பது என்று வீட்டில் பெரிய பேச்சு. ஏஎஃப்பி, பிவ்கா-2, லிக்விட் பயாப்ஸி என்று மூன்று பெயர் அடிபட்டது. முதல் இரண்டும் கல்லீரல் புற்றில் ரத்தத்தில் கூடும் புரதங்கள், மூன்றாவது கட்டியின் டிஎன்ஏவை ரத்தத்தில் தேடுவது. டாக்டரிடம் கேட்டு ஏஎஃப்பியைப் பிடித்துக்கொண்டோம். இன்றைக்கும் என் ஓட்டு அதற்குத்தான்.

முதலில் ஒன்று. மருந்து கேட்குமா என்று தொடங்கும் முன்பே சொல்வது வேறு, தொடங்கிய பிறகு கேட்கிறதா என்று பார்ப்பது வேறு. முதல் வகையில் நடைமுறைக்கு வந்திருப்பது மிகவும் குறைவு. ராமுசிருமாப் என்ற புற்றுநோய் ஊசிக்கு மட்டும் ஏஎஃப்பி ஒரு மில்லி ரத்தத்துக்கு 400 நானோகிராமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு, 2019-இல் வெளிவந்த ரீச்-2 ஆய்விலிருந்து வந்தது அது. இம்யூனோதெரபிக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம், ஏஎஃப்பி மில்லிக்கு 100 நானோகிராம் என்ற இரண்டு எல்லைகளை வைத்துக் கணக்கிடும் கிராஃபிட்டி ஸ்கோர் நோயின் போக்கை ஓரளவு காட்டும், ஆனால் அதைப் பார்த்து மருந்தே வேண்டாம் என்று முடிவு செய்ய முடியாது.

ஏஎஃப்பியின் பலம் இரண்டாவது வகையில்தான். அட்டிசோலிசுமாப் (இதுதான் இம்யூனோதெரபி மருந்து), பெவாசிசுமாப் (கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளர்வதைத் தடுப்பது) இரண்டையும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுகிறார்கள். தொடக்கத்தில் ஏஎஃப்பி 20 நானோகிராமுக்குக் குறையாமல் இருந்தவர்களுக்கு, ஆறாவது வாரத்தில் அது 75 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் கட்டி நன்றாகச் சுருங்கும் வாய்ப்பு அதிகம் என்று ஐஎம்பிரேவ்150 ஆய்வுத் தரவுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆறு வாரம் என்றால் மூன்றாவது டோஸ் ஏற்றப் போகிற நேரம். ஆனாலும் கடைசி வார்த்தை சிடி அல்லது எம்ஆர்ஐதான், எண்ணை மட்டும் பார்த்து யாரும் மருந்தை மாற்றுவதில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம்: திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுக்க முடிகிறதா? சிகிச்சை திருவனந்தபுரத்தில், வீடு குலசேகரம் பக்கம். ஒவ்வொரு ரத்தத்துக்கும் அங்கே ஓட முடியாது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஏஎஃப்பிக்குச் சாதாரணமாகவே ரத்தம் எடுக்கிறார்கள், செலவும் தாங்கும். ஆனால் ஒரு லேப் பிடித்தால் கடைசி வரை அதே லேப்தான். சில லேப் நானோகிராமில் தரும், சில ஐயூவில் (இன்டர்நேஷனல் யூனிட் என்ற வேறு அலகு) தரும். ஒரு ஐயூ என்பது சுமார் 1.21 நானோகிராம். போன மாதம் 500 நானோகிராம், இந்த மாதம் வேறு லேபில் 413 ஐயூ என்று வந்தால் இறங்கிவிட்டது என்று வீடே சந்தோஷப்படும், உண்மையில் இரண்டும் ஒரே அளவு. அலகு ஒன்றாக இருந்தாலும் மெஷின் மாறினால் எண் கொஞ்சம் மாறலாம். அதனால் ரிப்போர்ட்டையெல்லாம் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்து, ஒவ்வொன்றிலும் அலகின் கீழே கோடு போடச் சொல்லி மைனியிடம் கொடுத்திருக்கிறோம். தனி எண்ணை விட எண்கள் போகிற திசைதான் முக்கியம், லேப் மாறினால் அந்தத் திசையே குழம்பிவிடும். ஹெபடைடிஸ் பி கிளம்பி கல்லீரல் வீங்கினாலும் ஏஎஃப்பி ஏறும், அதனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி பரிசோதனையையும் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

பிவ்கா-2-க்கு ஒரு நல்ல குணம் உண்டு. ரத்தத்தில் அதன் பாதி ஆயுள் இரண்டு மூன்று நாள்தான், ஏஎஃப்பிக்கு ஐந்தாறு நாள். ஆபரேஷன் முடிந்ததும் சீக்கிரம் இறங்கிக் காட்டும். ஆனால் வைட்டமின் கே குறைந்தாலே ஏறிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர், பித்தக்குழாய் அடைத்து மஞ்சள் காமாலை வந்தவர், இவர்களுக்கெல்லாம் எண் பொய் சொல்லும். சோரஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்குக் கட்டியில் ஆக்சிஜன் குறைவதால், மருந்து வேலை செய்யும்போதே பிவ்கா ஏறுவதும் உண்டு. எங்களுக்கு இது துணைக்கு எடுத்த பரிசோதனைதான், இதை மட்டுமே நம்பிப் போன வீட்டார் வேறு மாதிரி சொல்லலாம்.

லிக்விட் பயாப்ஸியில் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் தேடுகிறார்கள். எதிர்காலம் அதற்கு இருக்கலாம். ஆனால் சிடிஎன்என்பி1 மரபணு மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி கேட்காது என்று ஆரம்பத்தில் சொன்னது, பிறகு வந்த தரவுகளில் அப்படியே உறுதிப்படவில்லை. விலையோ பல மடங்கு. அந்தக் காசுக்கு ஸ்கேனை ஒழுங்காக எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு.

சரி, ஏஎஃப்பி தொடக்கத்திலேயே சாதாரண அளவில் இருந்தால்? இந்த நோய் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அப்படி இருப்பதுண்டு. அவர்களுக்கு நான் சொன்ன கணக்கு ஒன்றும் உதவாது, அவர்கள் பிவ்காவைத்தான் கேட்க வேண்டும், அதையும் முதல் டோஸ் ஏறும் முன்பே எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் ஒப்பிட அடிப்படை எண் இருக்காது.