பாளையங்கோட்டையில் அச்சான 1500-ஆம் ஆண்டு உலகப்படம்

எங்கள் பள்ளியின் வரலாற்று அறைக்காக, ஸ்பானிய மாலுமி ஹுவான் தே லா கோசா 1500-இல் தோலில் வரைந்த உலகப்படத்தின் நகலை, பாளையங்கோட்டை அச்சகம் ஒன்றில் கேன்வாஸ் துணியில் அச்சிட்டுச் சட்டமிட்டு வாங்கினோம்.

மூலப்படம் மாட்ரிட் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொலம்பஸின் சாந்தா மரியா கப்பலுக்கு உரிமையாளரான கோசா, கியூபா பெருநிலத்தின் பகுதியே என்று 1494-இல் கொலம்பஸ் தம் மாலுமிகளிடம் பெற்ற உறுதிமொழியில் தாமும் சேர்ந்திருந்தார். ஆயினும் ஆறே ஆண்டுகளில், தம் படத்தில் அதைத் தீவாகவே வரைந்தார். கண்டதைக் கண்டபடி வரையும் அந்தத் துணிவுக்காகவே மாணவர்கள் இப்படத்தைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன்.

நகலில் கியூபாவின் வளைந்த கரையும், புதிய நிலங்களுக்குத் தீட்டிய அடர்பச்சையும், மேற்கு விளிம்பில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமக்கும் புனித கிறிஸ்தோபரும் மிகத் தெளிவாக வந்துள்ளன. தேக்குச் சட்டத்தின் மூலைகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கின்றன. வேலையும் சொன்ன நாளில் முடிந்தது.

ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள மூலத்தை நான்கடிக்குச் சுருக்கியதால், ஆப்பிரிக்கக் கரையோரத்தில் நெருக்கமாக எழுதிய துறைமுகப் பெயர்களைப் படிக்க முடியவில்லை. வாங்க எண்ணுவோர் முழு அளவையே கேட்க வேண்டும். பளபளப்புப் பூச்சு விளக்கொளியில் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், அதைத் தவிர்க்குமாறும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.