ஸ்பானிஷ் இறந்தகாலம்: இந்தெஃபினிதோவா, இம்பெர்ஃபெக்தோவா, எது முதலில்?

ஸ்பானிஷில் நிகழ்காலம் ஓரளவு கைவந்ததும் அடுத்து மலைக்க வைப்பது இறந்தகாலம். இந்தெஃபினிதோ, இம்பெர்ஃபெக்தோ என்று அதற்கு முக்கியமாக இரண்டு வடிவம். நான் இம்பெர்ஃபெக்தோவைத்தான் முதலில் எடுத்தேன், பாளையங்கோட்டையில் என்னோடு சேர்ந்து படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

வித்தியாசம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு தடவை நடந்து முடிந்தது இந்தெஃபினிதோ. வழக்கமாக நடந்ததும் நடந்துகொண்டிருந்ததும் இம்பெர்ஃபெக்தோ. "சின்ன வயசில் குறுக்குத்துறையில் குளிப்போம்" என்று எதிர்கால விகுதி போட்டே பழைய வழக்கத்தைச் சொல்கிறோமே, அந்தக் 'குளிப்போம்'தான் அங்கே 'நோஸ் பான்யாபாமோஸ்'. 2023 டிசம்பரில் தாமிரபரணித் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது என்றால் 'எந்த்ரோ', அது இந்தெஃபினிதோ.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. நம்ம ஊரில் ஸ்பானிஷ் காதில் விழாது, வாரக்கணக்கில் பேச ஆள் கிடைக்காது, அதனால் படித்தது எவ்வளவு நாள் நிற்கும் என்பதுதான் பெரிய கேள்வி. இம்பெர்ஃபெக்தோவில் 'ஆர்' என்று முடியும் வினைக்கு 'ஆபா', 'ஏர்', 'ஈர்' வினைகளுக்கு 'ஈயா', அவ்வளவுதான். முறை தவறும் வினைகள் 'செர்' (இரு), 'இர்' (போ), 'வேர்' (பார்) என்று மூன்றே மூன்று, அவை எரா, இபா, வேயியா ஆகும். ஒரு மாதம் தொடாமல் விட்டாலும் எனக்கு மறக்கவில்லை. இந்தெஃபினிதோவில் தெனேர் (வைத்திரு) 'தூவே' ஆகும், அசேர் (செய்) 'இசே' ஆகும், தெசிர் (சொல்) 'திஹே' ஆகும், 'ஃபுயி' என்றால் செர்ரா இர்ரா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 'ஆப்லோ'வில் அழுத்தம் முன்னால் விழுந்தால் நான் பேசுகிறேன், கடைசியில் விழுந்தால் அவன் பேசினான். இதையெல்லாம் தினமும் புழங்காவிட்டால் கைநழுவிவிடும்.

சரி, இம்பெர்ஃபெக்தோவிலும் குறை உண்டு. நானும் அவனும் ஒரே வடிவம், 'ஆப்லாபா' என்றால் பேசிக்கொண்டிருந்தது யார் என்று சில சமயம் தனியாகச் சொல்ல வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொண்டு நடந்த கதையை நகர்த்தவும் முடியாது, ஊரும் வெயிலும் வரும், சம்பவம் வராது.

'எ கோமிதோ' (சாப்பிட்டிருக்கிறேன்) மாதிரி மூன்றாவது வடிவமும் இருக்கிறது. ஸ்பெயினில் இன்று நடந்ததற்குப் பெரும்பாலும் அதுதான், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் இந்தெஃபினிதோவான 'கோமி' (சாப்பிட்டேன்) போதும். நான் பேசிப் பழகியது மெக்சிகோக்காரர்களோடு மட்டும், அதனால் மாட்ரிட் போகிறவர்கள் என் வரிசையை அப்படியே எடுக்க வேண்டாம். மற்றவர்கள் 'ஆபா', 'ஈயா' வாயில் படிந்த அப்புறம் ஃபுயி, தூவே, இசே, திஹே நான்கையும் முதலில் பிடியுங்கள், அன்றாடப் பேச்சில் அடிக்கடி வருவது அவைதான்.