தண்டவாளமா, பிரேக்கர் உளியா, லாரிப் பட்டையா?

பாலக்காட்டு எல்லையில், வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோடு வரை, தெற்கே வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வரை பழைய இரும்புக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. மலையாளத்தார் ஆக்ரிக்கடை என்பார்கள். சொந்தமாக உலை போட ஆசைப்பட்டு அங்கே போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "அண்ணா, தண்டவாளத் துண்டு இருக்குங்களா?" என்பதுதான். பழுத்த இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கல்லாக அதைப் போடத்தான். அதே கடையின் மூலையில் அதைவிட நல்ல பட்டடைக்கல் ஒன்று கிடக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தண்டவாளத்துக்கு இருக்கும் மவுசு சும்மா வந்ததல்ல. அதில் கார்பன் சுமார் 0.6 முதல் 0.8 சதவீதம், மாங்கனீசு ஏறக்குறைய ஒரு சதவீதம். சாதா இரும்பைவிட நன்றாகவே அடி தாங்கும். ஆனால் எடைக் கணக்கைப் பாருங்கள். நம் ரயில்வேயில் பரவலாக உள்ளவை மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என்ற இரண்டு வகை. கடையில் கிடைக்கும் அரை மீட்டர்த் துண்டு முப்பது கிலோவைத் தாண்டாது. அதைப் படுக்க வைத்தால் மேலே ஏழு சென்டிமீட்டர் அகலத் தலை, அதன் கீழே ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சத்தில் மெலிந்த கழுத்து. சம்மட்டி விழும்போது அந்தக் கழுத்து துள்ளும், அடியின் பலத்தில் பாதி கணீர் சத்தமாகப் போகும், பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நிற்பார். நிமிர்த்தி நட்டு வைத்தால் எடை முழுக்க அடிக்கு நேர் கீழே வந்துவிடும். அது எவ்வளவோ மேல். ஆனால் அடிக்கக் கிடைக்கும் முகம் உள்ளங்கைகூடத் தேறாது.

அதைவிடப் பெரிய தொல்லை சட்டம். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருந்தால், 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் தடவைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. கழித்துக் கட்டிய தண்டவாளத்தை ரயில்வேயே ஏலத்தில் விற்கிறது. அந்த வழியில் வந்த துண்டு என்றால் காகிதம் இருக்கும். "பொள்ளாச்சி லைன் மீட்டர்கேஜா இருந்தப்போ வந்ததுங்க, ரொம்பப் பழசு" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார். பழசு என்பது பில் ஆகாது. தண்டவாளம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள், ஆலைகளில் மேலே கிரேன் ஓடும் தண்டவாளத்தைத் தேடலாம். தலை அகலம், கழுத்து தடிமன், உருவம் குள்ளம். ஆலையின் சொந்தச் சொத்து என்பதால் பில்லும் கேட்டு வாங்கலாம்.

சரி, மூலையில் கிடக்கும் அந்தப் பொருளுக்கு வருவோம். பாலக்காட்டுப் பக்கம் கல்குவாரிகள் நிறைய. அங்கே எக்ஸ்கவேட்டரின் முனையில் மாட்டிப் பாறை உடைக்கும் பிரேக்கருக்கு உளி ஒன்று உண்டு. முனை தேய்ந்து ஓர் அளவுக்குக் குட்டையானதும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். குரோமியம் கலந்த, சூடேற்றிப் பதப்படுத்திய உருண்டை எஃகு. பாறை மேல் அடி வாங்குவதற்கென்றே செய்தது. 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள உளி அரை மீட்டர் நீளம் இருந்தாலே அறுபது கிலோ. தண்டவாளத்தில் அந்த எடைக்கு ஒரு மீட்டர் வேண்டும். அதுவும் அடிக்கு நேர் கீழே ஒரே திரட்சியாக நிற்கும் அறுபது கிலோ.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அறுக்கவே வேண்டாம் என்பது. கூர்முனையைக் கீழே விட்டுக் குழியில் இறக்குங்கள். பிஸ்டன் அடி வாங்கிய மேல்முனை தட்டையாகவே இருக்கும். ஓரம் பிசிறியிருந்தால் கிரைண்டரால் லேசாக உருட்டினால் போதும். பக்கவாட்டில், உளியைப் பிடித்து நிறுத்தும் ஊசி மாட்டுவதற்காக வெட்டிய பள்ளம் இருக்கும். மரக்கட்டையில் பதித்து நிறுத்துகிறவர்கள் இரும்புப் பட்டை போட்டு இறுக்க அந்தப் பள்ளமே தோது. நின்று அடிப்பவருக்கு, கை தொங்கும்போது விரல் முட்டி வரும் உயரத்தில் முகம் இருக்க வேண்டும். நம் ஊர்க் கொல்லர்கள் போல உட்கார்ந்து அடிப்பவர் என்றால் இன்னும் ஆழமாகப் புதைத்தால் ஆயிற்று. கேஸ் வைத்து வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டிய முகத்தை மேலே வைக்காதீர்கள். அந்த வெட்டுவாயில் விரிசல் ஓடும்.

குறை இல்லாமல் இல்லை. பட்டடைக்கல்லின் பக்கத்தில் கூம்பாக நீளும் கொம்பு கிடையாது, வளையம் வளைக்க முடியாது. தண்டவாளத்தில் ஒரு முனையைத் தேய்த்துக் கொம்பு எடுத்துவிடலாம். அந்த ஒன்றில் அது ஜெயிக்கிறது. ஆனால் அரிவாள், மண்வெட்டி, கோடாரி அடிப்பவருக்குக் கொம்பு எத்தனை நாள் தேவைப்படும்?

வாங்கும் முன் ஒரு பேரிங் குண்டைக் கையில் கொண்டு போங்கள். பத்து அங்குல உயரத்தில் இருந்து முகத்தில் விட்டால் ஏழு, எட்டு அங்குலம் எழும்ப வேண்டும். தொப்பென்று அடங்கினால் சாதா இரும்பு. கஞ்சிக்கோட்டு உருக்காலைகள் பழைய இரும்பை லாரி லாரியாக வாங்கி உருக்குவதால் நல்ல துண்டு கடையில் தங்காது. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, எடுத்து வைக்கச் சொல்வதுதான் வழி.

கருவிக்கான எஃகு வேறு கதை. இங்கே எனக்கு லாரிப் பட்டைதான், அதாவது லாரியின் அடியில் அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டைதான், முதலிடம். அரைகுறைக் கார்பன் இல்லை, 0.5-க்கு மேல் இருக்கும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் விட்டால் தோய்ச்சல், அதாவது கடினம், நன்றாக ஏறும். தேங்காய் வெட்டுகிற அரிவாளும் சரி, கள் இறக்குகிறவர்களின் கத்தியும் சரி, கல்லில் பட்டாலும் சட்டென்று உடையாது. இதைப் பழைய இரும்புக் கடையில் தேடுவதைவிட, நெடுஞ்சாலையோரம் பட்டை மாற்றும் ஒர்க்‌ஷாப்பில் கேட்பது நல்லது. எந்த வண்டியில் இருந்து இறங்கியது என்றாவது தெரியும். ஒரே வகைப் பட்டையையே தொடர்ந்து வாங்கினால், எந்தச் சிவப்பில் எண்ணெயில் விட வேண்டும் என்று கைக்குப் பழகிவிடும். காந்தம் ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் சூடு, அப்புறம் எண்ணெய். தண்ணீரில் விட்டால் விரிசல் விழும். பிறகு கத்தி என்றால் வைக்கோல் நிறம் வரும்வரை, கோடாரி என்றால் ஊதா வரும்வரை மீண்டும் சூடேற்றி இளக்க வேண்டும். உடைந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம்; உடைந்த இடத்தில் இருந்து தள்ளி வெட்டுங்கள்.

அரம் கிடைத்தால் உளிக்கும் சின்னக் கத்திக்கும் எடுக்கலாம். கார்பன் ஒரு சதவீதத்துக்கு மேல். ஆனால் பல்லை முழுக்கத் தேய்த்த பிறகே உலையில் வையுங்கள். அரிவாளுக்கு வேண்டாம், ஒடியும். பேரிங் வளையம் அருமையான எஃகுதான். சூடு கொஞ்சம் கூடினாலும் சம்மட்டிக்குக் கீழே பொடிந்துவிடும், புதியவர்கள் தள்ளி நிற்கட்டும். வண்டி ஆக்சில் சுத்தியலுக்கு நல்லது. கட்டடக் கம்பி கத்திக்கு ஆகவே ஆகாது, குறடு செய்யலாம். வார்ப்பிரும்பைத் தொடவே வேண்டாம்.

சந்தேகம் வந்தால் கிரைண்டரில் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். பொறி நீளக் கோடாக ஓடி மறைந்தால் கார்பன் குறைவு. கையருகிலேயே மத்தாப்பு போல வெடித்துச் சிதறினால் அதிகம். மங்கின சிவப்பில் குட்டையாக விழுந்தால் வார்ப்பிரும்பு. பளபளக்கும் ஹைட்ராலிக் ராடைப் பார்த்து மயங்காதீர்கள், மேலே குரோம் பூச்சு. அதையும் துத்தநாகம் பூசிய குழாயையும் உலையில் வைத்தால் வருவது விஷப்புகை.