கொடைக்கானல் மலைப்பூண்டு: கூடுதல் காசுக்குத் தகுமா?

வாங்கலாம். ஆனால் முழுப் பல்லாகப் பாலில் போட்டு வேகவைப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால், உடம்புக்கென்று கொடுக்கும் அந்தக் கூடுதல் காசில் பெரும்பகுதி வீண்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூண்டு பூம்பாறை, மன்னவனூர் பக்கம் அதிகம் விளைகிறது. அறுவடை செய்ததைக் கட்டுகளாகக் கட்டிப் புகைமூட்டத்தில் தொங்கவிடுவார்கள். அதனால் மேல்தோல் பழுப்பேறி லேசாகப் புகைவாடை அடிக்கும். அது குறையல்ல, மாதக்கணக்கில் கெடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம். காம்போடு கெட்டியாக இருப்பதைப் பொறுக்குங்கள். விரலால் அழுத்தினால் அமுங்குவதும், அடியில் கரும்பூசணம் படிந்ததும் வேண்டாம். சமவெளிப் பூண்டைக் கலந்து இதே பெயரில் விற்கும் கடைகளும் உண்டு. ஒரு பல்லை நசுக்கிப் பார்த்து, காரம் சட்டென்று மூக்கில் ஏறினால் வாங்குங்கள். உரித்துப் பையில் அடைத்தது எந்த விலைக்கும் வேண்டாம்.

அந்தக் காரம் அல்லிசின் என்ற கந்தகச் சேர்மத்துடையது. உடம்புக்கு நல்லதென்று பூண்டைத் தேடுவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். முழுப் பல்லில் அது கிடையாது. அதன் மூலப்பொருளான அல்லின் ஓரிடத்தில் இருக்கிறது, அதை அல்லிசினாக்கும் அல்லினேஸ் என்ற நொதி வேறிடத்தில் இருக்கிறது. பல் நசுங்கினால்தான் இரண்டும் சேரும். இந்த நொதிக்குச் சூடும் ஆகாது, கடும்புளிப்பும் ஆகாது. முழுசாக வேகவைத்தால் நொதி முதலில் செத்துவிடும். பல் இனிப்பாக, மெத்தென்று வெந்திருக்கும், உறைப்பு இருக்காது.

ஆகவே உரலில் நசுக்குங்கள், இல்லையென்றால் பொடியாக நறுக்குங்கள். 10 நிமிடம் அப்படியே வைத்துவிட்டு அடுப்புக்குக் கொண்டுபோங்கள். பூண்டுப் பாலுக்கு 200 மி.லி. பாலைக் காய்ச்சி, நசுக்கி வைத்த 2 பல்லைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். ரசத்தில் இறக்கும் நேரத்தில் சேருங்கள். புளிக்குழம்பில் நல்லெண்ணெயில் வதக்கிய முழுப் பூண்டின் ருசியை எதற்கும் விட்டுக்கொடுக்க முடியாது, அது இருக்கட்டும். கடைசியில் 2 பல்லைத் தனியாக நசுக்கிச் சேர்த்தால் போதும். துவையலுக்கும் இதே முறைதான்: பூண்டை முதலில் தனியாக நசுக்கி வைத்துவிட்டு, புளியைப் பிறகு சேருங்கள். புளிப்புப் பட்டுப் பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் பயம் வேண்டாம், சாப்பிடலாம்.

நசுக்கிய பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும், வாடையில் அது தெரியாது. ஃபிரிஜ்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இரத்த அழுத்தத்தையும் இரத்தத்திலுள்ள கொழுப்பையும் பூண்டு கொஞ்சம் குறைக்கலாம், மாத்திரைக்கு மாற்று ஆகாது. தினம் ஒன்றிரண்டு பல் போதும். வெறும் வயிற்றில் பச்சையாக விழுங்கினால் பலருக்கு நெஞ்செரியும், சோற்றோடு சாப்பிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் அளவைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வீட்டில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். முழுப்பூண்டை ஃபிரிஜ்ஜில் வைத்தால் சீக்கிரம் முளைவிடும்.