ஜாகிங் ஸ்ட்ரோலர்: தூலே, பாப், பேபி ஜாகர், பேபி டிரெண்ட் — எந்த ஓட்டத்துக்கு எது?

குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலருக்கு மூன்று சக்கரம் இருந்தாலே, அதைத் தள்ளிக்கொண்டு ஓடலாம் என்று நினைத்து வாங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். கடையில் விற்பவரும் பெரும்பாலும் திருத்துவதில்லை. பேபி ஜாகர் நிறுவனத்தின் சிட்டி மினி ஜிடி2-வை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் ஜாகர் உண்டு, சக்கரமும் மூன்று. ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு ஓடக் கூடாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. தூலே நிறுவனத்தின் ஸ்பிரிங்கும் அந்த வகைதான். நடைக்கும் கடைத்தெருவுக்கும் அருமையான வண்டிகள், ஓட்டத்துக்கு அல்ல. ஆகவே நிறம், விலை, தள்ளுபடி எல்லாவற்றுக்கும் முன்னால் கையேட்டைத் திறந்து, ஓடுவதற்கு அனுமதி இருக்கிறதா, எத்தனை மாதத்திலிருந்து என்று பாருங்கள்.

அந்த மாதக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தூலே 6 மாதம் என்கிறது. பாப் 8 மாதம் என்கிறது. கழுத்தும் முதுகும் உறுதிப்படாத குழந்தையின் தலை, ஓட்டத்தின் ஒவ்வொரு அதிர்வுக்கும் முன்னும் பின்னும் ஆடும். நடந்து போகும்போது தெரியாத குலுக்கல், ஓடும்போது நொடிக்கு நொடி வந்துகொண்டே இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் மாதத்தை எண்ணி முடிவெடுக்காமல், குழந்தை நல மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்னொரு பொறி, கார் சீட்டை வண்டியில் மாட்டும் வசதி. கைக்குழந்தைக்கான கார் சீட் வண்டியில் பொருந்துகிறது என்றால், அதை மாட்டி நடக்கலாம் என்றுதான் அர்த்தம். ஓடலாம் என்று அல்ல.

முன்சக்கரம்தான் முதல் கேள்வி

1984-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் பில் பேக்லர் என்ற பத்திரிகையாளர், மகனைக் கூட்டிக்கொண்டு ஓடுவதற்காக ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். பேபி ஜாகர் நிறுவனம் பிறந்தது அதிலிருந்துதான். தொடக்க கால வண்டிகளில் முன்சக்கரம் திரும்பாது, நேராகவே நிற்கும். வளைவு வந்தால் கைப்பிடியை அழுத்தி, முன்பக்கத்தைத் தூக்கித் திருப்ப வேண்டும். திரும்பும் முன்சக்கரம் பின்னால் வந்தது. இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை திரும்பவும் செய்யும், நேராகப் பூட்டவும் முடியும்.

ஓடும்போது கட்டாயம் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் என்ன ஆகும்? சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் முன்சக்கரம் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, அதே நடுக்கம் இங்கேயும் வரும். சிறு கல் ஒன்றில் பட்டால் சக்கரம் குறுக்கே திரும்பி நின்றுவிடும். வண்டி முன்னால் கவிழும். கடையில் ஐந்தடி தள்ளிப் பார்க்கும்போது இது தெரியாது. வேகம் கூடினால்தான் தெரியும்.

பூட்டும் முறையில் நிறுவனங்கள் வேறுபடுகின்றன. பேபி ஜாகர் சம்மிட் எக்ஸ்3-இல் பூட்டும் விசை கைப்பிடியிலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டே வந்து, நெருக்கடியான நடைபாதையில் நடைக்கு மாறும்போது குனியாமல் விடுவித்துக்கொள்ளலாம். தூலே அர்பன் கிளைட் 2, பாப் ரெவல்யூஷன் ஃப்ளெக்ஸ் இரண்டிலும் முன்சக்கரத்தருகே குனிந்து பூட்ட வேண்டும். குனிவது பெரிய சிரமம் இல்லை. ஆனால் சிரமமாக இருப்பதைத்தான் அவசரத்தில் மறந்துவிடுகிறோம். ஓட்டமும் நடையும் மாறி மாறிச் செய்பவருக்கு சம்மிட் எக்ஸ்3-இன் இந்த ஒரு வசதியே போதுமான காரணம்.

தூலே கிளைட் 2 இந்தக் கூட்டத்தில் தனி ரகம். முன்சக்கரம் நிரந்தரமாக நேராக நிற்கும். முன்னால் 16 அங்குலம், பின்னால் 18 அங்குலச் சக்கரங்கள். மற்றவற்றில் முன்னால் 12, பின்னால் 16 அங்குலம்தான் வழக்கம். எடையும் குறைவு, சுமார் 10 கிலோ. பெரிய சக்கரம் வெடிப்பிலும் கல்லிலும் சிக்காமல் உருண்டு போகும். வேகமாக, நீளமாக, நேர்ப்பாதையில் ஓடுபவருக்கு இதைவிடச் சுகமான வண்டி கிடைப்பது கடினம். மளிகைக்கடை வரிசைகளுக்குள் இதைத் தள்ளிப் பார்த்தால் அன்றே வெறுத்துவிடும். வீட்டில் நடைக்கு வேறு ஸ்ட்ரோலர் இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

பூட்டிய பிறகும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஓட்டக்காரர்கள் அதிகம் படும் தொல்லை இதுதான். உடனே திருகைத் திருகாதீர்கள். முதலில் பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்று சமமாக இருக்கிறதா பாருங்கள். பிறகு முன்சக்கரத்தின் அச்சு, சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவையின் பள்ளத்தில் இரு பக்கமும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். சஸ்பென்ஷனை மாற்றியமைக்கும் வண்டி என்றால் இரு பக்கமும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். பிறகு இடத்தை மாற்றுங்கள்: மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும், அந்தச் சரிவில் எந்த வண்டியும் இழுக்கத்தான் செய்யும். சமதளமான இடத்தில், குழந்தைக்குப் பதில் அரிசி மூட்டையை வைத்துப் பெல்ட் போட்டு, மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டு, சில அடி தள்ளிக் கைப்பிடியை விட்டுப் பாருங்கள். எதிர்த்திசையிலும் அதையே செய்யுங்கள். இரு திசையிலும் வண்டியின் அதே பக்கம் இழுத்தால்தான் குறை வண்டியில். அப்போது முன்சக்கரத்தருகே உள்ள சீரமைப்புத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஒவ்வொரு முறையும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

பிரேக்: பாதிப் பேர் கேட்காமல் வாங்குவது

12 கிலோ வண்டி, 14 கிலோ குழந்தை, தண்ணீர் பாட்டில், டயப்பர் பை எல்லாம் சேர்ந்தால் 28 கிலோ கையில் இருக்கும். சமதளத்தில் அது தெரியாது. இறக்கத்தில் அந்த எடை உங்களை இழுத்துக்கொண்டு போகும். முழங்காலும் தோளும்தான் பிரேக் வேலையைச் செய்யும். கைப்பிடியில் வேகம் குறைக்கும் பிரேக் இருந்தால் அந்தச் சுமை குறைகிறது. அர்பன் கிளைட் 2-இல் கைப்பிடியை முறுக்கினால் பிரேக் பிடிக்கும். சம்மிட் எக்ஸ்3-இல் சைக்கிளைப் போல நெம்பு உண்டு. அப்பாபேபி ரிட்ஜில் டிஸ்க் பிரேக்கே வைத்திருக்கிறார்கள். விலையில் இவற்றோடு போட்டி போடும் பாப் ரெவல்யூஷன் ஃப்ளெக்ஸ் 3.0-இல் கை பிரேக் இல்லை. நல்ல வண்டிதான், ஆனால் மேடும் பள்ளமுமான ஊரில் இருப்பவர் அதை எடுப்பதில் நமக்குச் சம்மதமில்லை. பேபி டிரெண்ட் எக்ஸ்பெடிஷனிலும் கை பிரேக் கிடையாது.

கை பிரேக் வேகத்தைக் குறைக்க மட்டும்தான். நிறுத்தி வைக்கக் காலால் மிதிக்கும் பிரேக்கைப் போட்டு, வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பல் சரியாக விழாமல் பாதியில் நின்ற பிரேக், சரிவில் மெல்ல விடும். மணிக்கட்டுப் பட்டையைப் பற்றி விவாதமே வேண்டாம்: ஓடும்போது அது கையில் இருக்க வேண்டும். நீங்கள் தடுக்கி விழுந்தால் குழந்தையையும் உங்களையும் இணைத்து வைத்திருப்பது அந்தத் துணிப்பட்டை ஒன்றுதான்.

டயரும் சஸ்பென்ஷனும்

காற்றடைத்த டயர் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், ஆனால் பஞ்சராகும். ரிட்ஜ் போன்றவற்றில் வரும் பஞ்சராகாத டயருக்குப் பராமரிப்பு இல்லை. ஆனால் பாதைக்கேற்றபடி அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நம் தேர்வு காற்று டயர்தான். 12 அங்குலம், 16 அங்குலம் இரண்டும் குழந்தைகள் சைக்கிளிலும் வரும் அளவுகள் என்பதால் டியூப் பெரும்பாலும் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைத்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் முழு அளவை எழுதிக்கொண்டு போங்கள். அழுத்தமும் அங்கேயே இருக்கும். பாப் வண்டிகளுக்கு உச்சவரம்பு 30 பிஎஸ்ஐ. பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரால் அடிக்காதீர்கள். இவ்வளவு சின்ன டியூபுக்கு அது ஓரிரு நொடியில் அளவை மீறிவிடும். கைப்பம்பும் அழுத்தமானியும் போதும்.

கரடுமுரடான மண்பாதை, சரளை, மரவேர் துருத்தும் பூங்காப் பாதை என்றால் பாப்தான் முன்னால் நிற்கிறது. அதன் சஸ்பென்ஷன் நீளமாக அமுங்கும். குழந்தையின் எடைக்கேற்ப மாற்றியும் வைக்கலாம். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள் அதிகம். கனமான குழந்தைக்கான நிலையில் 9 கிலோ குழந்தையை உட்கார வைத்தால் ஸ்பிரிங் அமுங்காது, சஸ்பென்ஷன் இல்லாத வண்டியைப் போலவே குலுக்கும். அர்பன் கிளைடின் பின்சக்கர சஸ்பென்ஷன் தார்ச்சாலைக்கும் நல்ல மண்பாதைக்கும் போதும். வண்டியே சுமார் 11.5 கிலோதான், பாப் சுமார் 13 கிலோ. அந்த ஒன்றரைக் கிலோ ஏற்றத்திலும், கார் டிக்கியில் தூக்கி வைக்கும்போதும் தெரியும்.

எக்ஸ்பெடிஷனில் சஸ்பென்ஷனே கிடையாது, டயர் காற்றுதான் எல்லாம். கைப்பிடி உயரத்தையும் மாற்ற முடியாது. ஆனால் விலை மற்றவற்றில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. தோள், இடுப்பு, கால்களுக்கு நடுவே என்று 5 இடத்தில் பிடிக்கும் பெல்ட், பூட்டக்கூடிய முன்சக்கரம் இரண்டும் உண்டு. சமதளமான நல்ல பாதையில், வாரத்தில் இரண்டொரு நாள், மெதுவான ஓட்டம் என்றால் கூச்சப்படாமல் இதை எடுக்கலாம். தினமும் ஓடுபவர் இதை எடுத்தால் சில மாதங்களில் இன்னொன்று வாங்குவார். இதில் குழந்தையின் எடை வரம்பு சுமார் 22 கிலோ. பாப் 34 கிலோ வரை தாங்கும். அர்பன் கிளைட் 2-இல் குழந்தைக்கு 22 கிலோ, சாமான் சேர்த்து மொத்தம் 34 கிலோ.

கைப்பிடியும் கால்வீச்சும்

முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும் உயரத்தில், தொப்புளை ஒட்டி கைப்பிடி இருக்க வேண்டும். உயரமானவரும் குட்டையானவரும் மாறி மாறி ஓடும் வீட்டில் உயரம் மாற்றும் கைப்பிடி இல்லாமல் சரிவராது. கடையிலேயே பத்தடியாவது ஓடிப் பாருங்கள். நடந்து பார்த்தால் போதாது. ஓடும்போது கால் முன்னால் நீளும், பின் அச்சிலோ பிரேக் மிதியிலோ பாதம் இடித்தால் அந்த வண்டி உங்களுக்கு இல்லை. கைப்பிடியில் பை தொங்கவிடாதீர்கள்: குழந்தையை இறக்கிய மறுநொடி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். பையைக் கீழ்க்கூடையில் வையுங்கள், அதற்கும் எடை வரம்பு உண்டு.

இரு குழந்தைகளுக்கான இரட்டை வண்டி எடுப்பவர்கள் வீட்டுக் கதவை முதலில் அளக்கட்டும். அர்பன் கிளைட் இரட்டை சுமார் 78 செ.மீ. அகலம். சைக்கிளும் ஓட்டுபவர் என்றால் தூலே சாரியட்டைப் பார்க்கலாம். கனடாவின் கால்கரியில் தொடங்கி 2011-இல் தூலே வசம் வந்த வண்டி அது. சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுக்கலாம், ஜாகிங் சக்கரம் மாட்டினால் ஓடவும் செய்யலாம். விலை எல்லாவற்றையும்விடக் கூட.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு

டொராண்டோ, லண்டன், கலிஃபோர்னியா என்று நம்மவர்கள் இருக்கும் ஊர்களில் இந்த வண்டிகள் பாதி விலைக்குக் கைமாறுகின்றன. வாங்கலாம், ஆனால் பாப் வண்டி என்றால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2011 டிசம்பர் முதல் 2015 செப்டம்பர் வரை வந்த சுமார் 5 லட்சம் வண்டிகளின் முன்சக்கரம் ஓடும்போது கழன்றதாகப் புகார்கள் குவிந்தன. 2018-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பாபின் உரிமையாளரான பிரிட்டாக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டே சமரசத்தில் முடிந்தது. சக்கரம் சரியாகப் பூட்டப்படாத நிலையிலும் வண்டி ஓடக்கூடியதாக இருந்தது என்பதே பிரச்சினையின் மையம்.

நெம்பு வைத்து மாட்டும் முன்சக்கரம் எந்த நிறுவனத்துடையதானாலும் இப்படிச் சோதியுங்கள். அச்சைப் பள்ளத்தில் முழுதாக இறக்கி, எதிர்ப்பக்க மரையைக் கையால் திருகுங்கள். நெம்பு பாதி தூரம் வரும்போதே இறுக்கம் தெரிய வேண்டும். முழுதாக மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். சுலபமாக மூடினால் தளர்வு என்று அர்த்தம், மரையை இன்னும் திருகுங்கள். பிறகு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலிருந்து கையால் ஓங்கித் தட்டுங்கள். நகரக் கூடாது. காரிலிருந்து இறக்கி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

போட்டிகளில் ஓடும் எண்ணம் இருந்தால் விதிகளை முன்கூட்டியே பாருங்கள். பாஸ்டன், நியூயார்க் மாரத்தான்களில் ஸ்ட்ரோலருக்கு அனுமதி இல்லை. வாராவாரம் நடக்கும் இலவச 5 கி.மீ. ஓட்டமான பார்க்ரனில் ஒருவருக்கு ஒரு வண்டி அனுமதி.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு நாம் சொல்வது அர்பன் கிளைட் 2. எடையும் பிரேக்கும் சேர்ந்து அதை முன்னால் நிறுத்துகின்றன. மண்பாதைக்காரருக்கு பாப், நடையும் ஓட்டமும் கலந்தவருக்கு சம்மிட் எக்ஸ்3, வேகக்காரருக்கு கிளைட் 2. எதை எடுத்தாலும் முதல் வாரம் உங்கள் வழக்கமான தூரத்தில் பாதிதான் ஓடுங்கள். ஒரு கையால் தள்ளி, கையை மாற்றி மாற்றிப் பழகுங்கள். நீங்கள் வியர்க்கும்போது குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, எனவே குளிரில் அதற்கு ஒரு அடுக்கு உடை கூடுதலாக வேண்டும். வெயிலில் துணியால் வண்டியை மூடாதீர்கள், உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். கூரையை இறக்கி, அதன் மேலுள்ள பார்வைச் சன்னல் வழியாக அவ்வப்போது முகத்தைப் பாருங்கள். கழுத்தின் பின்பக்கத்தைத் தொட்டாலே சூடா, குளிரா தெரிந்துவிடும்.