இனிஷியலும் ப்ளூ கார்டும்: என் வொர்க் பெர்மிட் அனுபவம்

அமெரிக்க வேலை விசாவான எச்1பி லாட்டரியில் மூன்று வருடம் பெயர் போட்டேன், ஒரு தடவைகூட விழவில்லை. பிறகு ஜெர்மனியின் ப்ளூ கார்டுக்கு, அதாவது அங்கே தங்கி வேலை பார்க்கிற அனுமதி அட்டைக்கு, போட்டேன், கிடைத்தது. 2024 மே மாதத்திலிருந்து அதில்தான் வேலை பார்க்கிறேன். லீவுக்கு சேலம் வந்த இந்த இரண்டு வாரத்தில், "எப்படிண்ணா போனீங்க?" என்று அஸ்தம்பட்டி வீட்டுக்கே வந்து கேட்டவர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எச்1பி பற்றிச் சொல்ல அதிகமில்லை. வருடத்துக்கு 65,000 இடம். அங்கேயே முதுநிலை படித்தவர்களுக்குத் தனியாக 20,000. நான் கடைசியாகப் போட்ட 2023 மார்ச்சில் வந்த பதிவுகள் 7,80,884. பதிவுக் கட்டணம் வெறும் 10 டாலர், அதனால் ஒரே ஆளுக்கு நாலைந்து கம்பெனி பெயர் போட்ட காலம் அது. அடுத்த வருடம் எத்தனை கம்பெனி போட்டாலும் ஆளுக்கு ஒரு சீட்டுதான் என்று மாற்றினார்கள், அதற்குள் எனக்குச் சலித்துவிட்டது. நம்மூர் ஏலச்சீட்டில்கூடக் கடைசி மாதமாவது பணம் கைக்கு வரும். இதில் அதுவும் இல்லை. போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருக்கிற ஆளுக்குப் புதிதாக மனு போட 1,00,000 டாலர் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஜெர்மனியில் குலுக்கல் கிடையாது. பட்டம், வேலைக் கடிதம், சம்பளம் மூன்றும் சரியாக இருந்தால் போதும். ஐடி ஆட்களுக்கு 2024-இல் வருடச் சம்பளம் குறைந்தது 41,041.80 யூரோ இருக்கவேண்டும். 2025-இல் அது 43,759.80 ஆனது. வருடா வருடம் ஏறும், ஆஃபர் கையெழுத்துப் போடும்போது அந்த வருடத்துத் தொகையைப் பாருங்கள். டிகிரி இல்லாதவர்களுக்கும் 2023 நவம்பரிலிருந்து வழி உண்டு: கடைசி ஏழு வருடத்தில் மூன்று வருட ஐடி அனுபவத்தைக் காட்டவேண்டும்.

எனக்கு டிகிரி இருந்தது. தலைவலியும் அதில்தான். அனபின் என்று ஒரு ஜெர்மன் தரவுத்தளம் இருக்கிறது. நாம் படித்த பல்கலைக்கழகத்தை அங்கீகரித்திருக்கிறார்களா என்று அதில்தான் பார்ப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகம் அதில் ஹெச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு, பிரச்சினையே இல்லை. ஆனால் நான் 2009-இல் சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவன். அப்போது நம் பக்கத்துக் கல்லூரிகள் 'அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்' கீழ் இருந்தன. 2007-இல் பிரித்ததை 2012-இல் திரும்பச் சேர்த்தார்கள். ஆக, முதல் சில செமஸ்டர் மார்க் ஷீட்டில் கோயம்புத்தூர், டிகிரி சர்டிபிகேட்டில் சென்னை. ஜெர்மன்காரருக்கு அது இரண்டு பல்கலைக்கழகம். எங்கள் செட் ஆட்கள் இதைக் கவனியுங்கள். நான் பிரித்தது, சேர்த்தது எல்லாவற்றையும் அரைப் பக்கம் எழுதி மார்க் ஷீட்டுக்கு மேலேயே வைத்தேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை. சந்தேகம் இருந்தால் 208 யூரோ கட்டி, நம் டிகிரி அங்கத்திய எந்தப் படிப்புக்குச் சமம் என்று சொல்லும் ஒப்பீட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பெயர். சர்டிபிகேட்டில் இனிஷியலோடு இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விடமாட்டார்கள் என்பதால் அப்பா பெயர் முழுசாக சர்நேமில் ஏறியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கவேண்டும். கோர்ட் பக்கம் ஒரு பெரியவர் டைப் அடித்துக்கொண்டே, "தம்பி, உங்கப்பா பேருலயா வெளிநாடு போறீங்க?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதுதான் நடந்தது, பிறகு சொல்கிறேன்.

இதற்கு நடுவில் ஏமாந்த கதையும் உண்டு. உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் டிகிரிக்கு அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரை, கட்டாயம் என்று 9,000 ரூபாய் வாங்கினார். இந்தியா அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்திருக்கிறது, அந்த முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "மஸ்கட்டுக்கு ஆகும் தம்பி" என்றார்.

விண்ணப்பம் கொடுக்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே சென்ட்ரலில் இறக்கிவிடும். விசா மையம் திறக்கும்வரை காத்திருந்து, 75 யூரோவுக்கான ரூபாயைக் கட்டி, இரண்டு செட் பேப்பரைக் கொடுத்து, மாலை ரயிலில் திரும்பிவிட்டேன். ஐந்து வாரத்தில் விசா வந்தது. மூன்று வருடம் குலுக்கலுக்குக் காத்திருந்தவனுக்கு அந்த ஐந்து வாரம் ஒன்றுமே தெரியவில்லை.

போன பிறகுதான் உண்மையான அலைச்சல். விசா உள்ளே நுழைய மட்டும்தான். ப்ளூ கார்டு அட்டையை அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாங்கவேண்டும். இணையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடையாது, கடிதம் வரும் என்றார்கள். ஏழு வாரம் வரவில்லை. போய்க் கேட்டால் இரண்டு தடவை அனுப்பித் திரும்பிவிட்டதாம். அங்கே தபால்காரர் ஃப்ளாட் எண்ணைப் பார்ப்பதில்லை. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் ஒட்டியிருந்தது என் பெயர். கடிதம் வந்தது அப்பா பெயருக்கு. அன்றே அப்பா பெயரை எழுதி ஒட்டினேன். அங்கே ஆபீஸ், பேங்க், டாக்டர் எல்லாரும் என்னை அப்பா பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். சேலம் உருக்காலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மனுஷன். போட்டோ அனுப்பினேன். "வாடகை என் பேருல கேக்க மாட்டாங்களேடா?" என்றார்.

ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை பார்த்தால் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் மொழியில் பி1 என்கிற நடுத்தர நிலைத் தேர்வில் தேறினால் 21 மாதமே போதும். நான் பி1-இல் ஒரு முறை தோற்றிருக்கிறேன். ஆபீஸில் ஆங்கிலம்தானே என்று மெத்தனமாக இருந்ததன் பலன். புதிதாகப் போகிறவர்கள் சேலத்தில் இருக்கும்போதே ஆரம்ப நிலையான ஏ1-ஆவது முடித்துவிடுங்கள். வேலையிலிருந்து வந்து படிக்க அங்கே உடம்பு ஒத்துழைக்காது.

வீட்டம்மாவுக்கு அந்தச் சிரமம் இல்லை. ப்ளூ கார்டுக்காரர் மனைவிக்கு மொழித் தேர்வு கேட்பதில்லை, போனதும் வேலைக்கும் போகலாம். அடுத்த வியாழன் அவள் விண்ணப்பம் கொடுக்கிறாள். நேற்று ராத்திரி படிவத்தை நிரப்பும்போது பார்த்தால், அவள் பாஸ்போர்ட்டின் சர்நேமில் மாமனார் பெயர். "அந்தப் பொட்டியில எங்கப்பா பேரையும் சேர்த்து ஒட்டிடுங்க" என்கிறாள்.