பழைய காரில் கைப்பேசிப் பாட்டு: எந்த வழிக்குப் பணம் போடலாம்?

பழைய சான்ட்ரோ, ஜென், ஆல்டோ வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எஞ்சினைப் பற்றி அவர்களுக்குப் பெரிய குறை இருக்காது. குறையெல்லாம் டாஷ்போர்டின் நடுவில் இருக்கும் அந்தச் செவ்வகப் பெட்டியின் மேல்தான். கேசட் போட இடம் இருக்கிறது, போடுவதற்குக் கேசட் இல்லை. சிடி போட இடம் இருக்கிறது, சிடியெல்லாம் கீறல் விழுந்து எப்போதோ போய்விட்டன. பாட்டு முழுக்கக் கைப்பேசியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பதற்கு இருநூறு ரூபாய் ஒயரிலிருந்து இருபதாயிரம் ரூபாய்த் தொடுதிரை வரை கடைகளில் வழிகள் கிடைக்கின்றன.

விலையைப் பார்த்துத் தேர்வு செய்யக் கிளம்பினால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். வெளியிலிருந்து பாட்டைக் கொடுக்க ஹெட்போன் துளை போலவே இருக்கும் 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் துளை இருக்கிறதா? கேசட் ஓடுகிறதா? அல்லது ரேடியோவும் சிடியும் மட்டும்தானா? பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

பலர் முதலில் வாங்குவது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதும். கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாகப் பாட்டை வாங்கி, குட்டி வானொலி நிலையம் போல ஒலிபரப்பும். காரின் ரேடியோவை அதே அலைவரிசையில் வைத்துக் கேட்க வேண்டும். ஒயர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிகிறது. ஆனால் எனக்கு இது பிடிக்காது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எஃப்.எம். அலைவரிசை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. சென்னையில் அந்த இடைவெளிக்குள் 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாகப் பெரிய நிலையங்கள் நிற்கின்றன. அவற்றின் கோபுரங்களோடு ஒப்பிட்டால் இந்தச் சிறு கருவியின் சக்தி ஒன்றுமே இல்லை. சந்தைக் கூச்சலில் காதோடு ரகசியம் பேசுவது போலத்தான். காலியான இடம் தேடி 88க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் சமாளித்துவிடும். சென்னையிலிருந்து மதுரை வரை போனால், ஓர் ஊரில் காலியாக இருந்த இடம் அடுத்த ஊரில் காலியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பாட்டின் நடுவே யாரோ விளம்பரம் படிப்பார்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் காரிலும் இதே கருவி இதே அலைவரிசையில் இருந்தால், அவர் பாட்டு உங்களுக்கும் உங்கள் பாட்டு அவருக்கும் போகும்.

ஒலித் தரத்திலும் ஒரு கூரை இருக்கிறது. ஸ்டீரியோ எஃப்.எம். ஒலிபரப்பு சுமார் 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். அதுகூடப் பெரிய இழப்பில்லை. மலிவான கருவிகளில் அடியில் எப்போதும் கேட்கும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் உண்மையான தொல்லை. வாங்கியாகிவிட்டது என்றால் ஒரு சிறு உத்தி உண்டு. பழைய மாருதிகளில் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் கையால் இழுத்து நீட்டும் ஆன்டெனா இருக்கும். அதை முழுக்க உள்ளே தள்ளிவிடுங்கள். தொலைவில் இருக்கும் நிலையங்கள் மங்கும்; காருக்குள் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் தெளியும்.

இந்தக் கருவிக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. வாடகைக் கார், அலுவலகக் கார், இன்னும் சில மாதங்களில் விற்கப்போகிற கார். எதையும் கழற்ற முடியாத, கழற்றக் கூடாத இடங்களில் இது உதவும். சொந்தக் காரை இன்னும் ஐந்து வருடம் ஓட்டப் போகிறவர் இதில் நின்றுவிடக் கூடாது.

கேசட் அடாப்டரைப் பலர் பழங்காலத்துச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். என் கணக்கில் அது டிரான்ஸ்மிட்டரை விட ஒரு படி மேல். கேசட் வடிவப் பெட்டிக்குள் நாடாவுக்குப் பதிலாக ஒரு சின்னக் காந்தத் தலை இருக்கிறது. கேசட்டை ஓட்டும் பகுதியான டெக்கில், நாடாவைப் படிக்கும் தலையோடு அது ஒட்டி நிற்கிறது. நாடாவில் பதிந்திருக்க வேண்டிய காந்த மாற்றத்தை இது நேராகவே கொடுத்துவிடுகிறது. நடுவில் காற்றுவெளி இல்லை, வேறொரு நிலையம் குறுக்கே வர வழியில்லை. மதுரை போனாலும் மணப்பாறை போனாலும் ஒரே ஒலிதான்.

ஆனால் டெக் நல்ல நிலையில் இருக்க வேண்டும். தலையில் வருடக்கணக்காகப் படிந்த செம்பழுப்புத் துகள் இருந்தால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மந்தமாகக் கேட்கும். பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, தலையின் பளபளப்பான முகத்தில் மெதுவாகத் தேய்த்தால் குச்சி பழுப்பாக வெளியே வரும். பழுப்பு நிற்கும் வரை துடைத்துப் பிறகு அடாப்டரைப் போட்டுக் கேளுங்கள். உயர்தொனி திரும்பி வந்திருப்பது தெரியும். தானாகப் பக்கம் மாற்றும் டெக்குகளில் இன்னொரு சிக்கல். அடாப்டரின் சக்கரங்கள் சரியாகச் சுழலவில்லை என்றால் நாடா முடிந்துவிட்டது என்று நினைத்து டெக் 'டக் டக்' என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். கேசட்டை முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டு மூடிவிடும் டெக்கில் ஒயருக்கு வழி இருக்காது. புளூடூத் அடாப்டர்களில் ஒயர் இல்லைதான். அதற்குப் பதிலாக அதைத் தனியே சார்ஜ் செய்ய வேண்டும். டெக்கின் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் மாற்ற ஆகும் செலவு குறைவு. அதை மாற்றத் தெரிந்தவரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.

ஆக்ஸ் துளை இருக்கிறவர்கள் மற்றவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் 3.5 மில்லிமீட்டர் முனை உள்ள ஒயர் போதும். மேலே சொன்ன இரண்டையும் விட நன்றாகக் கேட்கும். இப்போது பல கைப்பேசிகளில் ஹெட்போன் துளையே இல்லை. 2016இல் வந்த ஐபோன் 7இலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதனால் டைப்-சி மாற்றி ஒன்று வேண்டியிருக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் டிஜிட்டல் ஒலியை ஸ்டீரியோ ஏற்கும் மின்னலையாக மாற்றும் சில்லு உள்ளே இருக்கும். மற்றொன்று வெறும் ஒயர். வெறும் ஒயர் வகை சில கைப்பேசிகளில் மட்டும்தான் வேலை செய்யும். சில்லு இருக்கிறதா என்று கடையில் கேட்டு, உங்கள் கைப்பேசியிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

ஆக்ஸில் வரும் ஒரே பெரிய தொல்லை, கைப்பேசியை காரிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்கும்போது எழும் ஊளை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பலர் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கிறார்கள், ஸ்டீரியோவைத் திட்டுகிறார்கள். இரண்டின் மேலும் குற்றமில்லை. சார்ஜர் ஓரிடத்தில் எர்த் ஆகிறது, ஸ்டீரியோ வேறோரிடத்தில் எர்த் ஆகிறது, ஆக்ஸ் ஒயர் இரண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னதிர்வு அந்த வளையத்தில் புகுந்து பாட்டோடு கலக்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் ஊளை நின்றுவிட்டது என்றால் நோய் இதுதான். ஆக்ஸ் ஒயரின் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் சில நூறு ரூபாய்தான். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், எர்த் தொடர்பை வெட்டிவிட்டு ஒலியை மட்டும் கடத்தும். மலிவானவற்றில் அடித்தொனி கொஞ்சம் மெலியும். ஊளையோடு ஒப்பிட்டால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியில் ஒயர் தொங்க வேண்டாம் என்றால் ஆக்ஸ் துளையில் ஒரு புளூடூத் ரிசீவர் செருகலாம். ஒயர் இல்லாததால் ஊளையும் இருக்காது என்று நினைத்து வாங்குகிறார்கள். ரிசீவரை யுஎஸ்பி சார்ஜரில் செருகியதும் அதே ஊளை திரும்பி வருகிறது, ஏனென்றால் வளையம் இப்போது ரிசீவர் வழியாக முடிகிறது. சொந்த பேட்டரியில் ஓடும்போது வராது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது, பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளான கோடெக்குகளின் பெயர்கள் அல்ல. டயர் சத்தமும் ஏசி சத்தமும் நிறைந்த சின்னக் காரில் அந்த நுணுக்க வேறுபாடு காதுக்கு எட்டாது. சாவியைத் திருப்பியதும் ரிசீவர் தானாக விழித்துக் கைப்பேசியோடு சேர்ந்துகொள்கிறதா என்பதே முக்கியம். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்த வேண்டிய ரிசீவர் நாளடைவில் கையுறைப் பெட்டிக்குள் போய்விடும்.

ஆக்ஸ் ஆகட்டும், புளூடூத் ஆகட்டும், கைப்பேசியின் ஒலியளவை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு ஸ்டீரியோவின் குமிழில் கூட்டிக் குறையுங்கள். மாற்றி வைத்தால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவீர்கள்.

"என் ஸ்டீரியோவில் யுஎஸ்பி இருக்கிறது, கைப்பேசியைச் செருகினால் ஏன் பாடவில்லை?" என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் காலத்து யுஎஸ்பி பென் டிரைவை மட்டும்தான் படிக்கும். இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசி தன்னைப் பென் டிரைவாகக் காட்டிக்கொள்வதில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் எம்பி3 போட்டுக்கொள்வது ஒரு வழி. ஆனால் ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் இறக்கி வைத்த பாட்டுகளை அப்படி எடுத்துப் போட முடியாது. இன்னும் சில கார்களில் புளூடூத் இருந்தும் அழைப்புக்கு மட்டும்தான், பாட்டை ஏற்காது. அது பழுதல்ல, பாட்டுக்கு வேண்டிய வசதியை அதில் வைக்கவேயில்லை.

இனி, ஸ்டீரியோவையே மாற்றுவது. ஆக்ஸும் இல்லை, கேசட்டும் இல்லை என்றால் நேராக இதற்கு வந்துவிடுவதே நல்லது. டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கி அலுத்துப்போய் அப்புறம் வருவானேன்? பழைய கார்களின் பெரிய பலம், பெரும்பாலானவற்றில் ஸ்டீரியோ இருக்குமிடம் ஒரே அளவு: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். இதுதான் ஒற்றை டின். சோனி, பயனியர், ஜேவிசி என்று யார் செய்தாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சிடி இயந்திரம் இல்லாமல் புளூடூத், யுஎஸ்பி, ஆக்ஸ், ரேடியோ மட்டும் உள்ள மாடல்கள் பெயர் பெற்ற நிறுவனங்களிலேயே பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அழைப்புக்குத் தனி மைக்கும் வைத்துக்கொள்ளலாம்; கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் ஆயிரத்தில் தொடங்குகிறது.

அட்டையில் '50 வாட்ஸ் × 4' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பி மாடல்களை ஒப்பிடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த மின்னழுத்தத்தில் சிதையாமல் கொடுக்கக்கூடியது, கணக்குப்படி, சுமார் 25 வாட்ஸ். நடைமுறையில் அதைவிடவும் குறைவு. இது எல்லா நிறுவனத்துக்கும் பொது. ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத பெட்டியிலும் அதே 50தான் எழுதியிருக்கும். அதில் மிச்சம் பிடிப்பதெல்லாம் ரேடியோ பிடிக்கும் திறனிலும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும், சீக்கிரம் லூசாகும் குமிழிலும் போய்விடும்.

உண்மையான வேறுபாடு ஒயர் போடும் கையில் இருக்கிறது. சென்னையில் ஜெனரல் பீட்டர்ஸ் சாலையானாலும் சிற்றூர்க் கடையானாலும், காரின் ஒயர்கள் சேரும் செருகியான கப்ளரை வெட்டி ஒயரை முறுக்கி டேப் சுற்றுபவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் காரின் கப்ளருக்குப் பொருந்தும் மாற்று ஒயர்த் தொகுப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புது ஸ்டீரியோக்களில் பொதுவான வண்ண முறை இது: மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு, சிவப்பு ஒயர் சாவி திருப்பியதும் வரும் மின்சாரத்தோடு, கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் காரை அணைக்கும்போதெல்லாம் கடிகாரமும் வைத்திருந்த நிலையங்களும் அழிந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் பேட்டரியோடேயே இணைத்துவிட்டால், ஸ்டீரியோவை அணைக்க மறந்த ஒரு ராத்திரி பேட்டரியைக் காலி செய்துவிடும்.

மிகப் பழைய கார்களில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துச் சில கேசட் டெக்குகளுக்கு ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் ஒயர்களை ஒன்றாகச் சேர்த்தோ, காரின் உடலிலேயே எர்த் செய்தோ விட்டிருப்பார்கள். புது ஸ்டீரியோவின் நெகட்டிவ் ஒயரிலும் மின்னழுத்தம் உண்டு. அதை எர்த்தில் தொட்டால் ஆம்ப்ளிஃபயர் சில்லு போய்விடும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரண்டு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள்.

ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை பற்றியும் கேட்பீர்கள். அதற்குப் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் உயரமுள்ள இரட்டை டின் இடம் வேண்டும். அப்படிப்பட்டதை ஒற்றை டின் காரில் போட டாஷ்போர்டை அறுக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் திரை ஏசி காற்றுவழியை மறைக்கும். வரைபடம் வேண்டுமென்றால் கைப்பேசியை ஒரு தாங்கியில் மாட்டினால் போகிறது. பழைய காருக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

அம்பாசடர், கான்டெஸா போன்றவற்றில் அசல் ரேடியோவின் முகம் மாறக் கூடாது என்பவர்கள், பழைய செட்டுக்குள்ளேயே ஒலியளவுக் குமிழுக்கு முன்னால் ஆக்ஸ் துளை சாலிடர் செய்துகொள்ளலாம். சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் விசாரித்தால் ரேடியோ வேலை தெரிந்தவர்கள் அகப்படுவார்கள்.

எதைப் போட்டாலும் கடையை விட்டுக் கிளம்புமுன் சாவியை அணைத்து மறுபடி போட்டுக் கடிகாரம் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை அழைத்து எதிர்முனையில் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று கேளுங்கள். பிறகு அடித்தொனி கனமான ஒரு பாட்டைப் போட்டு, இடது வலது ஒலியைப் பங்கிடும் பேலன்ஸை ஒரு பக்கமாகத் திருப்புங்கள். அப்போது கனமாகக் கேட்டு, நடுவுக்குக் கொண்டு வந்ததும் அடித்தொனி மெலிந்துவிட்டால் ஏதோ ஒரு ஸ்பீக்கரின் ஒயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. பணம் கொடுப்பதற்கு முன்னால் சொன்னால் உடனே மாற்றித் தருவார்கள்.